சப்டைட்டில் எடிட்: பாடக் காணொளிகளுக்குத் தமிழில் கேப்ஷன் இடுபவரின் மதிப்புரை

ஐடிஐ எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்கான தமிழ்ப் பாடக் காணொளிகளுக்குக் கேப்ஷன் இட்டுத் தருவது கடந்த இரண்டு ஆண்டுகளாக என் வேலை. ஆசிரியர் பேசுவதை எழுத்தாக்குவதோடு அந்த வேலை முடிந்துவிடுவதில்லை. எழுதிய ஒவ்வொரு வரியும் அவர் வாய் திறக்கும் நொடியில் திரையில் தோன்ற வேண்டும், அவர் நிறுத்தியதும் மறைய வேண்டும். இந்த நேரப் பொருத்தத்துக்காக நான் நாள்தோறும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் சப்டைட்டில் எடிட். டென்மார்க்கைச் சேர்ந்த நிரலாளர் நிகோலாய் ஓல்சன் உருவாக்கித் திறமூலமாக வெளியிட்ட இதற்கு விலை கிடையாது, பதிவு செய்யவும் வேண்டாம், கணினியில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கும் வடிவமும் உண்டு. நேரம் பொருத்தும் வேலையில் இதற்கு இணையான இன்னொரு இலவசக் கருவியை நான் பயன்படுத்தியதில்லை. ஆனால் தமிழ் வாக்கியத்தை எங்கே உடைப்பது என்பதை இதன் முடிவுக்கு விட்டுவிட்டால் பாடம் கெட்டுப்போகும். பாடங்களுக்குக் கேப்ஷன் இடத் தொடங்கும் ஆசிரியர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

மென்பொருளைத் திறந்ததும் மேலே வரிகளின் பட்டியலும், பக்கத்தில் காணொளியும், கீழே ஒலியின் அலைவடிவமும் தெரியும். இதன் உயிர் அந்த அலைவடிவத்தில்தான் இருக்கிறது. காணொளியை ஏற்றிய பிறகு கீழ்ப்பகுதியைச் சொடுக்கினால் ஒலியைப் பிரித்தெடுத்துச் சில நொடிகளில் வரைந்து கொடுத்துவிடும். பேச்சு இருக்கும் இடம் மேடாகவும் மௌனம் தட்டையான கோடாகவும் தெரிவதால், ஆசிரியர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதைக் காதால் கேட்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம். ஒவ்வொரு கேப்ஷனும் அந்த அலைகளின் மேல் ஒரு கட்டமாக அமர்ந்திருக்கும். அதன் ஓரத்தைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் தொடக்க நேரமும் முடிவு நேரமும் மாறும். காணொளியை ஓடவிட்டு எஃப்11 விசையால் தொடக்கத்தையும் எஃப்12 விசையால் முடிவையும் குறித்துக்கொண்டே போகலாம். முதல் வாரம் கை தடுமாறும். பழகிவிட்டால் தையல் இயந்திரத்தில் கால் தானாக மிதிப்பதைப் போல ஆகிவிடும்.

நேரப் பொருத்தம் என்பது அலங்கார வேலை அன்று என்பதை எனக்குப் புரியவைத்தது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பற்றிய 12 நிமிடப் பாடம். ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் கம்பிச்சுருள்களை இணைக்கும் முறைகள். மோட்டாரை நேரடியாக டெல்டா இணைப்பில் ஓடவிடாமல், முதலில் ஸ்டாரில் தொடங்கினால் லைனிலிருந்து இழுக்கும் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சில நொடிகள் கழித்து டைமர் அதை டெல்டாவுக்கு மாற்றிவிடும். இந்த இணைப்புகளைப் போட்டு எடுப்பவை கான்டாக்டர் எனப்படும் காந்த சுவிட்சுகள்; அவை மூடிக்கொள்வதை விழுவது என்பார்கள். ஆசிரியர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப எந்த கான்டாக்டர் விழுந்திருக்கு?" என்று கேட்கிறார். நான்கு நொடி பேசாமல் நிற்கிறார், மாணவன் யோசிக்கட்டும் என்று. பிறகுதான் "மெயினும் ஸ்டாரும்" என்கிறார். நான் முதலில் கேள்வியையும் பதிலையும் ஒரே கேப்ஷனில் இரண்டு வரிகளாகப் போட்டிருந்தேன். வரி நீளம், காட்டும் நேரம் எல்லாம் விதிப்படி சரியாக இருந்தன. ஆனால் ஒலி கேட்காத மாணவனுக்கு, யோசிப்பதற்காக ஆசிரியர் விட்டுவைத்த அந்த நான்கு நொடியை நான் பறித்துக்கொண்டேன். கேள்வியைப் படிக்கும்போதே பதிலும் கண்ணில் பட்டுவிடுகிறது. அலைவடிவத்தில் அந்த மௌனம் நீண்ட தட்டைக் கோடாக எனக்கு முன்னால்தான் கிடந்தது, நான்தான் பார்க்கத் தவறினேன். கட்டத்தை இரண்டாக வெட்டி, கேள்வியை மௌனம் முடியும்வரை நீட்டி, பதிலை அவர் வாய் திறக்கும் இடத்தில் வைப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆசிரியர் "இதை" என்றும் "இங்கே" என்றும் சொல்லும் இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. பணிமனைப் பாடங்களில் பேச்சின் பெரும்பகுதி சுட்டுச் சொற்களால் ஆனது. "இதக் கழட்டி இங்க மாட்டுங்க" என்று அவர் சொல்லும்போது கை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகிறது. கேப்ஷன் ஒரு நொடி முந்தினால் மாணவன் தவறான முனையைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஒரு நொடி பிந்தினால் கை அங்கிருந்து நகர்ந்திருக்கும். திரைப்படத்தில் ஒரு நொடிப் பிசகைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார். மின்சாரப் பாடத்தில் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இனி உடைக்கும் விஷயம். நீளமான வரிகளைத் தானாக உடைப்பது, குறுகிய வரிகளை இணைப்பது, ஒன்றின் மேல் ஒன்று ஏறிய நேரங்களைச் சரிசெய்வது, மிகக் குறைந்த நேரமே தோன்றும் வரிகளை நீட்டுவது எல்லாவற்றையும் இந்த மென்பொருளே தானாகச் செய்துவிடும். நேரம் சார்ந்த திருத்தங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறேன், அவை எந்த மொழிக்கும் பொதுவானவை. வரியை உடைக்கும் திருத்தங்களை மட்டும் எப்போதும் அணைத்து வைத்திருக்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது, எதிர்மறை அதற்கும் பின்னால் வருகிறது. "மெயின் சுவிட்சை அணைக்காமல் இந்தக் கம்பியைத் தொடக் கூடாது" என்ற வாக்கியத்தை "தொடக்" என்ற இடத்தோடு வெட்டி, "கூடாது" என்பதை அடுத்த கேப்ஷனுக்குத் தள்ளினால், இரண்டு நொடிக்குத் திரையில் நிற்பது தொடச் சொல்லும் வாக்கியம் போலத் தெரியும். ஆங்கிலத்தில் விலக்கும் சொல் வினைக்கு முன்பே வந்துவிடுவதால் அங்கே இவ்வளவு ஆபத்து இல்லை. எழுத்து எண்ணிக்கையையும் இடைவெளிகளையும் வைத்து முடிவெடுக்கும் எந்தக் கருவிக்கும் இது தெரியப் போவதில்லை. ஆகவே என் வழக்கம் இது: எச்சரிக்கை வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே கேப்ஷனில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் "தொடக் கூடாது, மெயின் சுவிட்சை அணைக்காமல்" என்று மாற்றிப் போடுவேனே தவிர, விலக்கை அடுத்த திரைக்கு அனுப்ப மாட்டேன். பேச்சுத் தமிழில் ஆசிரியர்களே பல நேரம் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் அது செயற்கையாகவும் தெரிவதில்லை.

எண்ணிக்கை பற்றிய இன்னொரு சிக்கலும் உண்டு. நெட்ஃபிளிக்ஸின் பொதுவான விதிகளில் ஒரு கேப்ஷனுக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது, 7 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று இருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து என்பது எல்லை. சப்டைட்டில் எடிட்டிலும் வரி நீளத்துக்கும், நொடிக்கு இத்தனை எழுத்து என்ற வாசிப்பு வேகத்துக்கும் எல்லை குறித்து வைக்கலாம், மீறினால் அந்தப் பெட்டி நிறம் மாறும். இந்த எண்களை அப்படியே தமிழுக்குப் பொருத்துவது தவறு. "தொழில்நுட்பம்" என்ற சொல்லை நாம் ஏழு எழுத்தாகப் படிக்கிறோம், கணினி எழுத்துகளைக் குறிக்கும் யுனிகோடில் அது 13 குறியீடுகள். எழுத்தோடு சேரும் புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறியீடாக இருப்பதே காரணம். குறியீட்டை எண்ணும் கருவி, மாணவன் நிதானமாகப் படித்துவிடக்கூடிய வரியையும் அவசர வரி என்று சிவப்புக் காட்டும். எழுத்தை எண்ணும் கருவியிலோ, ஒரு சொல்லுக்குள் நான்கு சொற்களைப் புணர்த்திவைத்த வரிகூடப் பச்சையாகத் தெரியும். நான் எண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். ஒலியை அணைத்துவிட்டு, வரியை உதட்டசைவில் ஒருமுறை படிக்க நேரம் போதுகிறதா என்று பார்த்து, அதற்கேற்ப என் எல்லைகளைத் தளர்த்தி வைத்திருக்கிறேன்.

பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதியும் இதற்குள் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் ஏஐ மாதிரியைத் தரவிறக்கி, இணையத் தொடர்பு இல்லாமலேயே நம் கணினியில் ஓட்டலாம். அது அறிந்த மொழிகளில் தமிழும் உண்டு. மாதிரிகள் சிறியதிலிருந்து பெரியது வரை பல அளவுகளில் கிடைக்கின்றன. நடுத்தர மாதிரியே ஏறத்தாழ 1.5 ஜிபி இருக்கும். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் பெரிய மாதிரியை ஓடவிட்டால் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வேலை முடிந்திருக்காது. பொதுவாக இவ்வகைக் கருவிகள் தமிழில் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தவறுகின்றன; பேச்சே இல்லாத இடத்தில் யாரோ பேசியதைப் போல வாக்கியம் இட்டுக்கட்டுவதும் இவற்றின் அறியப்பட்ட குணம். எங்கள் பாடங்களில் ஆசிரியர் பேசாமல் கம்பி முறுக்கும் நேரம் நிறைய. அங்கெல்லாம் வந்து விழும் வரிகளை முதலில் துடைத்துவிட்டுத்தான் திருத்தவே தொடங்குவேன். தொழிற்சொற்களும் இன்னொரு தலைவலி. "ஃபேஸ்", "நியூட்ரல்", "எர்த்", "ஓவர்லோடு ரிலே" ஆகியவை தமிழ்ப் பேச்சின் நடுவே வரும்போது கருவிகள் அவற்றுக்கு நெருங்கிய ஓசையுள்ள வேறு தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொள்கின்றன. இருந்தும், வெற்றுத் தாளிலிருந்து தட்டச்சு செய்வதைவிடத் தவறான வரைவைத் திருத்துவது எனக்கு விரைவாக இருக்கிறது. முன்பு இரண்டு மணி நேரம் பிடித்த 12 நிமிடப் பாடம் இப்போது ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிறது. வேறொருவருக்கு இந்தக் கணக்கு நேர்மாறாகவும் இருக்கலாம், தட்டச்சு வேகத்தைப் பொறுத்தது.

எதை எழுதுவது என்பதில் மென்பொருள் உதவாது, ஆனால் கேப்ஷன் இடுபவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். ஆசிரியர் "ஸ்க்ரூவ நல்லா டைட் பண்ணிட்டு" என்கிறார். அதைப் "திருகாணியை நன்கு இறுக்கிவிட்டு" என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் காதால் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டே படிக்கும் மாணவனுக்கு உதட்டில் ஒன்றும் திரையில் ஒன்றும் தெரியும். அப்படியே பேச்சு வழக்கில் எழுதினாலோ, ஊருக்கு ஊர் மாறும் ஒலிகளை எழுத்தில் படித்துப் பழகாதவர்கள் தடுக்கி விழுவார்கள். நான் வினைமுற்றுகளை எழுத்து வழக்குக்குக் கொண்டுவந்து, தொழிற்சொற்களை ஆசிரியர் சொன்னபடியே வைத்துக்கொள்கிறேன்: "ஸ்க்ரூவை நன்றாக டைட் செய்துவிட்டு". தமிழ் ஆர்வலர்கள் கோபித்துக்கொள்ளலாம். தேர்வு எழுதிவிட்டுப் பணிமனைக்குள் நுழையும் பையன் அங்கே கேட்கப் போவது ஸ்க்ரூ என்ற சொல்லைத்தான்.

நேரம் மொத்தமாகப் பிசகிப் போகும்போதுதான் இந்த மென்பொருளின் அருமை தெரியும். கேப்ஷன் முடித்துக் கொடுத்த பிறகு, தயாரிப்புக் குழு காணொளியின் முன்னால் ஆறு நொடிக்கு நிறுவனச் சின்னத்தை ஒட்டிவிடும். அத்தனை வரிகளும் ஆறு நொடி முந்திவிடும். எல்லா நேரங்களையும் ஒரே எண்ணால் நகர்த்தும் வசதியில் 6 என்று கொடுத்தால் தீர்ந்தது. நடுவில் ஒரு பகுதியை வெட்டியிருந்தால், தேர்ந்தெடுத்த வரியையும் அதற்குப் பின்னால் உள்ளவற்றையும் மட்டும் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகப் பிந்திக்கொண்டே வரும் கோப்புகளுக்கு, தொடக்கத்தில் ஒரு வரியையும் முடிவில் ஒரு வரியையும் காணொளியோடு பொருத்திக் காட்டினால், இடையில் உள்ள அனைத்தையும் அதே விகிதத்தில் இழுத்துப் பொருத்திவிடும். ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கு, மாறிய கோப்புகளுக்கு இதுவே மருந்து.

வெளியீட்டில் முந்நூறு வகைக்கு மேல் கோப்பு வடிவங்கள் உள்ளன என்பது விளம்பரத்துக்கு நல்லது. பாடம் தயாரிப்பவருக்கு இரண்டு போதும். எஸ்ஆர்டி எல்லா இடத்திலும் செல்லும் பழைய நாணயம். இணையப் பாடங்களுக்கு வெப்விடிடி வேண்டும். இணைய வகுப்புத் தளமான மூடுலில் காணொளியோடு இணைப்பதும், ஊடாடும் பாடங்கள் செய்யும் கருவியான எச்5பியின் ஊடாடும் காணொளி ஏற்பதும் அந்த வடிவத்தைத்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். எஸ்ஆர்டியில் நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையே காற்புள்ளி, வெப்விடிடியில் முற்றுப்புள்ளி. வெப்விடிடியின் முதல் வரியில் அந்த வடிவத்தின் பெயர் இருந்தே தீர வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வெப்விடிடி என்று அனுப்புபவர்களை இன்னும் சந்திக்கிறேன். சேமிக்கும்போது குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை, யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப மீட்கவும் முடியாது.

இங்கே என் சொந்தக் கசப்பு ஒன்று. இணையம் சரியாக எட்டாத பயிற்சி மையங்களுக்காக ஒரு நிறுவனம் எங்கள் பாடங்களைப் பென்டிரைவில் போட்டு அனுப்பியது. என் கணினியில் சர்வர் வழியாக ஓடியபோது அழகாகத் தெரிந்த கேப்ஷன்கள், மையங்களில் பக்கத்தை நேரடியாகத் திறந்தபோது ஒன்றுகூட வரவில்லை. கணினியில் கிடக்கும் பக்கத்தை நேரடியாகத் திறந்தால், பாதுகாப்புக் காரணமாகக் கேப்ஷன் கோப்பைப் படிக்க உலாவி மறுத்துவிடும். மூன்று வாரம் கழித்துத்தான் யாரோ ஒருவர் போன் செய்து சொன்னார். அதற்குப் பிறகு பென்டிரைவுக்குப் போகும் பிரதிகளில் மட்டும் கேப்ஷனைக் காணொளிப் படத்தோடேயே பதித்துவிடுகிறோம். அப்படிப் பதிக்கும்போது நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, "கொ", "ணை", "ஸ்ரீ" ஆகியவை உடையாமல் வருகின்றனவா என்று ஒரு நிமிடத் துண்டில் சோதித்துவிட்டு முழுக் காணொளியையும் ஓட்டுவது நல்லது. பதித்த கேப்ஷனை மாணவன் அணைக்கவோ பெரிதாக்கவோ முடியாது என்பதால் இது வேறு வழியில்லாதபோது செய்வது.

ஒலி மட்டும் உள்ள பாடங்களுக்கும் இதே மென்பொருளில் கேப்ஷன் இடலாம், எம்பி3 கோப்பையும் திறக்கும். ஆனால் இணையப் பக்கத்தின் ஒலிப் பெட்டி கேப்ஷனைக் காட்டாது. வரிகள் தோன்றுவதற்குத் திரைப் பரப்பே அதில் இல்லை. அதே ஒலியைக் காணொளிப் பெட்டிக்குள் ஒரு நிலைப்படத்தோடு வைத்தால் வேலை நடக்கும்.

குறைகள் என்று எடுத்தால், மெனுப் பட்டியல்கள் மிக நெரிசலானவை. முதன்முதலில் திறப்பவர் எங்கே கை வைப்பது என்று திகைத்துப் போவார். பிழை திருத்தும் பகுதியில் பல விதிகள் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பிரச்சினைகளுக்கானவை, தமிழுக்குத் தேவையே இல்லை. 4ஆம் வரிசை வெளியீடுகள் விண்டோஸுக்கென எழுதப்பட்டவை, லினக்ஸில் மோனோ என்ற துணை மென்பொருளோடு ஓட்ட வேண்டும். பலர் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்ய வேண்டுமென்றால் அமாரா போன்ற உலாவிவழிக் கருவி வசதியாக இருக்கும். ஈஜிசப் என்ற இன்னொரு கேப்ஷன் கருவியும் நல்ல மென்பொருள்தான், ஆனால் அதன் பலம் எழுத்தை ஆடவிட்டு அழகுபடுத்துவதில் இருக்கிறது; பாடத்துக்கு அது தேவைப்படவில்லை.

கேப்ஷன் என்பது விருப்பம் சார்ந்த சேர்க்கை என்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இரண்டு தகவல்கள். இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களில் பதிவு செய்த காணொளிக்குக் கேப்ஷன் என்பது மிகக் கீழான ஏ நிலையிலேயே வந்துவிடுகிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு கேப்ஷனையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சைகை மொழியை முதன்மையாகக் கொண்டவர்களுக்குத் தமிழ் எழுத்து இரண்டாம் மொழி போலத்தான் என்பதால், கேப்ஷன் இட்டுவிட்டால் அவர்களுக்கான கடமை முடிந்தது என்றும் சொல்ல முடியாது.

ஸ்டார்-டெல்டா பாடத்தை முடித்துக் கொடுப்பதற்கு முன்னால், செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவரிடம் காட்டினேன். வரிகள் எல்லாம் சரியாகப் படிக்க முடிகிறது என்றார். பிறகு, ஆசிரியர் பேசாமல் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டும் ஓர் இடத்தில் நிறுத்தி, இங்கே அவர் எதைக் கேட்டுத் தலையாட்டுகிறார் என்று கேட்டார். ஸ்டார் கான்டாக்டர் விடுபட்டு டெல்டா கான்டாக்டர் விழும் ஓசை அது. அதையொட்டி மோட்டாரின் இரைச்சலும் மாறும். பேச்சை மட்டுமே எழுத்தாக்கிக்கொண்டிருந்த நான் அந்தப் பாடத்தின் மையமான நொடியை வெறுமையாக விட்டிருந்தேன். அலைவடிவத்தில் பேச்சு இல்லாத தட்டைக் கோட்டின் நடுவே ஈட்டி போல இரண்டு கூர்முனைகள் நின்றன. இரண்டாவது கூர்முனையின் மேல் ஒரு புதிய கட்டம் வரைந்து, அடைப்புக்குறிக்குள் "டக்கென்று டெல்டா கான்டாக்டர் விழும் ஓசை, மோட்டாரின் இரைச்சல் மாறுகிறது" என்று எழுதினேன். மோட்டார் பாடங்கள் எதற்கும் இப்போது முதலில் அந்தக் கூர்முனைகளைத் தேடிக் குறித்த பிறகே பேச்சுக்கு வருகிறேன்.